பழைய ஸ்டீரியோ ரிஸீவர்களின் தராதரம்

எப்பொருளையும் ஒரே ஓர் எண்ணால் மதிப்பிட்டுவிடலாம் என்னும் ஆசை மக்களுக்கு இயல்பாக உண்டு. நிலத்தை ஏக்கராலும், பொன்னைச் சவரனாலும், மாணவனைப் பரீட்சை மார்க்காலும் அளந்து பழகிய நாம், இசை எழுப்பும் கருவியையும் அதன் 'வாட்' கணக்கால் அளந்துவிட முற்படுகிறோம். 1960-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உண்டான ஸ்டீரியோ ரிஸீவர்கள் இந்நாளில் மீண்டும் விரும்பி வாங்கப்படுகின்றன. பழையனவாயினும் பழுது நீக்கியபின் அவை இனிது பாடுகின்றன. ஆனால் அவற்றுள் எது சிறந்தது என்று ஆராய்வோர், "எதற்கு வாட் அதிகம்?" என்பதையே முதற் கேள்வியாகக் கேட்கின்றனர். அவ்வெண் நமக்கு உணர்த்துவது யாது, உணர்த்தாதது யாது, மெய்யாக ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை எவை என்பவற்றைச் சுருங்க விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிஸீவர் என்பது மூன்று கருவிகள் ஒரே பெட்டியில் குடியேறிய கூட்டுக் குடும்பம் எனலாம். முதலாவது, வானில் பரவிவரும் பல நிலையங்களின் அலைகளுள் வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்கும் ட்யூனர். இரண்டாவது, இசைத்தட்டின் முள் எழுப்பும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை வளர்த்து, கீழ்ஸ்தாயி மேல்ஸ்தாயி ஒலிகளை வேண்டியவாறு ஏற்றியும் இறக்கியும் தரும் முன்பெருக்கி. மூன்றாவது, அம்மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வலிமையை ஊட்டும் ஆற்றற் பெருக்கி. இம்மூன்றுக்கும் உணவளிப்பது, டிரான்ஸ்பார்மரும் பெரிய கண்டென்சர்களும் சேர்ந்த மின் வழங்கும் பகுதி. ஒரு ரிஸீவரின் தராதரம் இந்நான்கின் தராதரமேயாகும். வாட் கணக்கோ இவற்றுள் மூன்றாவதை மட்டுமே குறிப்பது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே கூறுவன எளிதில் விளங்கும்.

'ஸ்டீரியோ' என்பது இடச் செவிக்கும் வலச் செவிக்கும் வெவ்வேறு ஒலிகளை அனுப்பி, பாடுவோர் ஓரிடத்திலும் பக்கவாத்தியம் வேறோரிடத்திலும் இருப்பதான தோற்றத்தை உண்டாக்கும் முறையாகும். ஆலன் புளூம்லீன் என்ற ஆங்கிலேய எஞ்ஜினீயர் 1931-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தன. வானொலியில் இரண்டு ஒலிகளை ஒருங்கே அனுப்புவது மட்டும் எளிதாயில்லை. தொடக்கத்தில் சில அமெரிக்க நிலையங்கள் ஒரு பக்கத்து ஒலியை ஏ.எம். அலையிலும் மற்றதை எப்.எம். அலையிலும் அனுப்பின. ஒரே வாத்தியத்தின் ஒலி இரு வேறு தரத்தில் வந்து சேர்ந்தமையால் இம்முறை நிலைபெறவில்லை.

1961-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி அமெரிக்காவில் தொடங்கிய எப்.எம். ஸ்டீரியோ முறையே இன்றளவும் பல நாடுகளில் வழங்குவது. அதன் நுட்பம் பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தலில் அடங்கும். இடவொலியையும் வலவொலியையும் கூட்டிய தொகை வழக்கம்போல் அனுப்பப்படும். ஒற்றை ஸ்பீக்கர் உடைய ரேடியோ இதனை மட்டும் பெற்று நிறைவாகப் பாடும். இடவொலியிலிருந்து வலவொலியைக் கழித்த மீதி, 38 கிலோ ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒரு துணை அலையின்மேல் ஏறிச் செவிக்கு எட்டாதபடி உடன் செல்லும். இவற்றோடு 19 கிலோ ஹெர்ட்ஸில் வழிகாட்டியாக ஒரு மெல்லொலியும் செல்லும். ரிஸீவர் அவ்வழிகாட்டியைக் கண்டவுடன் தன் முகப்பிலுள்ள ஸ்டீரியோ விளக்கை ஏற்றி, தொகையோடு மீதியைக் கூட்டி இடவொலியையும், தொகையிலிருந்து மீதியைக் கழித்து வலவொலியையும் மீட்டுத் தருகின்றது. இந்தக் கணக்கைப் பிழையின்றிச் செய்வது ட்யூனரின் திறமையைப் பொறுத்தது. வாட் கணக்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவ்வகைக் கருவிகளுள் மூத்தது, ஹார்மன் கார்டன் கம்பெனியார் 1958-ல் வெளியிட்ட பெஸ்டிவல் டி.ஏ. 230 என்பர். அக்காலத்து ரிஸீவர்கள் வால்வுகளால் இயங்கியவை. அவற்றுள் இன்றும் போற்றப்படுவது பிஷர் 500-சி என்பதாகும். 7591 என்ற எண்ணுடைய நான்கு வால்வுகள் அதன் ஸ்பீக்கர்களை இயக்குவன. வால்வுக் கருவிகள் பொதுவாகத் தம் எல்லையைச் சற்று மீறும்போதும் திடீரென்று கரகரக்காமல் மெதுவாகக் குழைந்து கொடுப்பன. குரலிசையை அவற்றில் கேட்பது இனிது என்று பலர் கூறுவதற்கு இது ஒரு காரணம். ஆயினும் அவை மிகுந்த வெப்பத்தைக் கக்குவன. வால்வுகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். உள்ளே உயர்ந்த மின்னழுத்தம் ஓடுவதால் பழக்கமில்லாதார் திறந்து தொடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

1960-களின் நடுவில் டிரான்ஸிஸ்டர் வந்து வால்வின் இடத்தைக் கவர்ந்தது. ஜப்பானியக் கம்பெனிகளாகிய பயனியர், ஸான்ஸூயி, கென்வுட், யமஹா முதலியன அமெரிக்கச் சந்தையில் நுழைந்தன. நியூயார்க்கைச் சேர்ந்த ஸால் மராண்ட்ஸ் என்பவர் நிறுவிய கம்பெனியும் 1964-ல் சூப்பர்ஸ்கோப் என்பாரின் கைக்கு மாறி, நாளடைவில் தன் கருவிகளை ஜப்பானில் செய்வித்தது. வெள்ளிநிற அலுமினிய முகப்பும், விளக்கொளி பரவிய கண்ணாடி முகமும், கையில் கனக்கும் உலோகத் திருகுகளும் உடைய ரிஸீவர் என்று நாம் இன்று எண்ணுவது இக்காலத்துப் பிறவியே.

இனி, வாட் கணக்கின் வரலாற்றை நோக்குவோம். 1974-க்கு முன் விளம்பரங்களில் கண்ட எண்கள் பல நம்பத் தகாதவை. ஒரு நொடியின் சிறு பகுதியில் கருவி எட்டும் உச்சத்தைச் சிலர் கூறினர். இரு பக்கங்களின் வாட்டையும் கூட்டிச் சிலர் கூறினர். சிதைவு எவ்வளவு என்பதைப் பலர் கூறவேயில்லை. ஒரே கருவியை 20 வாட் என்றும் 80 வாட் என்றும் கூற இடமிருந்தது. இதனைக் கண்ட அமெரிக்க நாட்டு வாணிகக் கமிஷன் ஒரு விதி வகுத்தது. அது 1974 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன்படி, இரு பக்கங்களும் ஒருங்கே இயங்கும்போது ஒவ்வொரு பக்கமும் இடையறாது தரும் வாட் எவ்வளவு, எந்த ஸ்பீக்கர் எதிர்ப்பில், எந்தச் சுருதி முதல் எந்தச் சுருதி வரை, எவ்வளவு சிதைவோடு என்ற நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், அளப்பதற்குமுன் கருவியை அதன் முழு ஆற்றலில் மூன்றிலொரு பங்கில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். டிரான்ஸிஸ்டர் பெருக்கிகள் முழு ஆற்றலில் இருப்பதைவிட அந்த நடுநிலையில்தான் அதிகமாகச் சூடேறுவன. ஆகவே விதியை நிறைவேற்ற விரும்பியோர் பெரிய டிரான்ஸ்பார்மரும் அகன்ற வெப்பத் தகடுகளும் வைக்கலாயினர். 1974-க்குப் பின் வந்த ரிஸீவர்கள் பலவும் இரும்புப் பெட்டிபோல் கனப்பதற்கு இவ்விதியும் ஒரு காரணமாகும்.

எண் நேர்மை பெற்றது. ஆயின் போட்டி ஒழியவில்லை. பொய் எண்களால் போட்டியிட்டவர்கள் இப்போது மெய் எண்களால் போட்டியிட்டனர். 1976-ல் பயனியர் எஸ்.எக்ஸ். 1250 பக்கத்துக்கு 160 வாட்டுடன் வந்தது. 1978-ல் அதே கம்பெனியார் 270 வாட் உடைய எஸ்.எக்ஸ். 1980 என்பதை வெளியிட்டனர். அதன் எடை ஏறத்தாழ 35 கிலோ. மராண்ட்ஸ் 2600 என்பது 300 வாட், ஸான்ஸூயி ஜி. 33000 என்பதும் 300 வாட்; டெக்னிக்ஸ் எஸ்.ஏ. 1000 என்பது 330 வாட். ஓர் ஆள் தூக்கிச் செல்ல இயலாத ரேடியோக்கள் பிறந்த காலம் அது.

இவ்வெண்களைச் செவி எவ்வாறு ஏற்கின்றது? செவியின் கணக்கு கூட்டற் கணக்கன்று, பெருக்கற் கணக்கு. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். அது கவனித்துக் கேட்டால் தெளிவாக அறியக்கூடிய சிறு ஏற்றம், அவ்வளவே. 'இருமடங்கு உரத்தது' என்று செவி ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும். 45 வாட் உடைய மராண்ட்ஸ் 2245-க்கும் 70 வாட் உடைய 2270-க்கும் உள்ள வேற்றுமை இரண்டு டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. 300 வாட்டுக்கும் 330 வாட்டுக்கும் உள்ள வேற்றுமை அரை டெசிபலுக்கும் குறைவு. அதனை இசையில் செவியால் கண்டுகொள்வது மிக அரிது. பயனியர் வரிசையில் கடைக்குட்டியாகிய எஸ்.எக்ஸ். 450 என்பது 15 வாட். அதனைவிடப் பதினெட்டு மடங்கு வாட் உடைய எஸ்.எக்ஸ். 1980 செவிக்கு இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட உரப்பைத்தான் தரவல்லது.

ஸ்பீக்கரையும் மறத்தலாகாது. ஒரு வாட் பெற்று ஒரு மீட்டர் தூரத்தில் 92 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் உண்டு. 86 டெசிபலே தரும் ஸ்பீக்கரும் உண்டு. இவ்வாறு டெசிபல் வேற்றுமை நான்கு மடங்கு வாட்டுக்கு ஈடாகும். ஆகவே நல்ல ஸ்பீக்கரோடு கூடிய 40 வாட் ரிஸீவர், மந்தமான ஸ்பீக்கரோடு கூடிய 160 வாட் ரிஸீவருக்கு உரப்பில் சமமாகும். சாதாரண அறையில் நாம் கேட்கும் அளவுக்குச் சராசரியாகச் செலவாவது ஓரிரு வாட்டே. மத்தளத்தின் அடிபோன்று திடீரென எழும் ஒலிகளைச் சிதைக்காமல் தாங்கவே மிச்சம் வேண்டியிருக்கின்றது. இதனால் பெரிய கருவிகள் வீண் என்று நாம் கூறவில்லை. பெரியவற்றில் பெரும்பாலும் மேலான ட்யூனரும், கனத்த டிரான்ஸ்பார்மரும், பல இசைத்தட்டுக் கருவிகளையும் டேப் கருவிகளையும் இணைக்கும் வசதியும் இருக்கும். பெருமை அவற்றாலேயன்றி எண்ணால் அன்று என்பதே நம் கருத்து.

ஒவ்வொரு கம்பெனியாரின் கருவிக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. மராண்ட்ஸ் 2230, 2245, 2270 என்பவற்றில் கடைசி இரண்டு இலக்கங்களே வாட்டைக் குறிப்பதால் பெயரே விளம்பரமாகும். நிலையம் மாற்றுவதற்குத் திருகுக்குப் பதிலாகக் கிடையாக அமைந்த கனத்த சக்கரம் ஒன்று உண்டு. விரலால் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி இரண்டோடு நடுஸ்தாயியையும் தனியே திருத்தும் வசதி இவற்றில் இருப்பது குரலிசை விரும்புவோர்க்குப் பயனுடையது. பயனியர் கருவிகள் உறுதிக்கும் உள்ளமைப்பின் ஒழுங்குக்கும் பெயர் பெற்றவை. 1970-களின் நடுவில் வந்த 50, 65 வாட் உடைய எஸ்.எக்ஸ். 750, 850 ஆகியன இல்லத்துக்கு மிகப் பொருந்துவன. 'மலையும் நீரும்' என்று பொருள்படும் ஸான்ஸூயி என்ற பெயருடைய கம்பெனியார் செய்த 9090 என்பது 110 வாட். அதன் பின்னர் வந்த 9090 டி.பி. என்பதில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி அமைப்பும் சேர்ந்தது.

யமஹா கம்பெனியாரின் சி.ஆர். வரிசை தோற்றத்தில் எளிமையானது. அதன் சிறப்பு, மெல்லிய அளவில் இசை கேட்கும்போது செவிக்கு எட்டாது குறைந்துவிடும் கீழ்ஸ்தாயியை ஈடுசெய்யும் திருகாகும். மற்றக் கருவிகள் பலவற்றில் இது 'உண்டு, இல்லை' என்னும் பொத்தானாக இருக்க, யமஹாவில் அறைக்கும் அளவுக்கும் ஏற்பப் படிப்படியாகத் திருத்த முடியும். இரவில் பிறர் உறக்கம் கெடாமல் கேட்போர்க்கு 200 வாட்டைவிட இத்திருகே மேலானது. ஹார்மன் கார்டன் 430, 730 என்பவை முறையே 25, 40 வாட் மட்டுமே. ஆயினும் இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனி மின் வழங்கும் பகுதிகள் உடையவை. ஒரு பக்கத்தில் முரசம் அதிரும்போது மறுபக்கத்து வயலின் சோர்வடையாது. 1980-ஐ ஒட்டி வந்த என்.ஏ.டி. 7020 என்பது 20 வாட்தான். ஆனால் கடினமான ஸ்பீக்கர்களையும் தளராமல் இயக்கும் உள்வலிமையால் தன்னினும் பெரியவற்றோடு ஒப்பவைத்துப் பேசப்பட்டது. கடைசி இரண்டும் எண்ணை மட்டும் நோக்குவோர் கண்ணில் படாதவை.

இக்கருவிகளை நம் நாட்டில் பயன்படுத்த விரும்புவோர் வேறு மூன்று விஷயங்களை அறிதல் வேண்டும். முதலாவது, மின்னழுத்தம். அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ட்டுக்கும், ஜப்பானுக்கென்று செய்தவை 100 வோல்ட்டுக்கும் உரியன. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் ஐம்பது ஆண்டு வாழ்ந்த கருவி ஒரு நொடியில் புகைந்துவிடும். பிற நாடுகளுக்கு ஏற்றுமதியான மாடல்கள் பலவற்றின் பின்புறத்தில் மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பு உண்டு. இல்லாதவற்றுக்கு ஏற்ற அளவுள்ள இறக்கு டிரான்ஸ்பார்மர் இன்றியமையாதது. இரண்டாவது, அலைவரிசை. இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் நம் சென்னையிலேயே தொடங்கியது. இங்கு எப்.எம். நிலையங்கள் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளன. ஜப்பான் நாட்டினர் தமக்கென்று செய்துகொண்ட பழைய கருவிகளோ 76 முதல் 90 வரையே கேட்கும்; எத்துணை விலையுயர்ந்ததாயினும் நம் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது செவிடேயாகும். மூன்றாவது, மேல்ஸ்தாயித் திருத்தம். இரைச்சலை அடக்குவதற்காக நிலையத்தார் மேல்ஸ்தாயியை உயர்த்தி அனுப்ப, ரிஸீவர் அதனைத் தாழ்த்தி நேராக்கும். இத்திருத்தத்துக்கு அமெரிக்காவில் 75 மைக்ரோ ஸெகண்டும் இந்தியாவில் 50 மைக்ரோ ஸெகண்டும் அளவுகோலாகும். ஆகவே அமெரிக்கக் கருவியில் நம் வானொலி சற்று மங்கி ஒலிக்கும். மேல்ஸ்தாயித் திருகைச் சிறிது ஏற்றினால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். இசைத்தட்டுக்கு இக்குறை இல்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது கருவியின் இன்றைய உடல்நிலை. 1976-ல் எந்த மாடல் மேலானதாய் இருந்தது என்பது ஒரு கேள்வி. இன்று நம் முன்னிருக்கும் இந்தப் பெட்டி எவ்வாறு இருக்கின்றது என்பது வேறு கேள்வி. திரவம் அடங்கிய கண்டென்சர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல வறண்டு வலிமை இழக்கும். உறுப்புகளை அசையாமல் ஒட்டப் பயன்படுத்திய ஒருவகைப் பசை நாளடைவில் பழுப்பாகி, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அருகிலுள்ள கம்பிக் கால்களை அரித்துவிடும். மராண்ட்ஸின் நீல ஒளிக்குக் காரணமான மெல்லிய தாள் விளக்கின் சூட்டில் கருகும். பயனியர் எஸ்.எக்ஸ். 780 போன்ற சிலவற்றில் பெருக்கியின் பெரும்பகுதி ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருத்தலின், அது கெட்டால் உள்ளுறுப்பை மட்டும் மாற்ற இயலாது. அதே கட்டியைத் தேட வேண்டும், போலிகளும் நடமாடுகின்றன. தனித்தனி டிரான்ஸிஸ்டர்கள் உடைய கருவியை நல்ல கைத்தொழிலாளர் எங்கும் செப்பனிட முடியும்.

பல்லாண்டு உறங்கிக் கிடந்த கருவியை உடனே முழு மின்சாரத்தில் இணைத்தல் தகாது. பழுது பார்ப்போர் முதலில் பழைய இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுப்பர். உள்ளே பிழை இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து கருவியைக் காக்கும். இல்லையேல் ஒருமுறை மின்னி மங்கும். பின்னர் ஒலி இல்லாத வேளையில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் நேர்மின்னோட்ட அழுத்தத்தை அளக்க வேண்டும். அது சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருத்தல் நலம். வோல்ட் கணக்கில் இருப்பின் ஸ்பீக்கரை இணைத்தலாகாது. காப்பு ரிலே உடைய கருவியாயின், விசையைப் போட்ட சில வினாடிகளில் உள்ளே 'டக்' என்ற ஓசை கேட்பது நற்குறியாகும்.

இரண்டு ரிஸீவர்களை ஒப்பிடும் முறையிலும் நேர்மை வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சற்றே உரத்து ஒலித்தாலும் செவி அதனையே சிறந்ததென்று தீர்ப்பளிக்கும். ஆதலின் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே உரப்பில், திருகுகளை நடுநிலையில் வைத்து, எது ஒலிக்கிறது என்று கேட்போர் அறியாதபடி மாற்றி மாற்றிக் கேட்பித்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், செப்பனிட்ட நல்ல கருவிகளின் பெருக்கிகளுக்கிடையே நாம் எதிர்பார்த்த வேற்றுமை பெரிதும் சுருங்கிவிடுவதைக் காண்போம். ட்யூனரின் தெளிவும், இசைத்தட்டுப் பகுதியின் இரைச்சலின்மையும், திருகுகளின் இசைவும் நிலைத்து நிற்கும் வேற்றுமைகளாகத் தோன்றும்.

ஆகவே வாங்க நினைப்போர் முதலில் கருவியின் உடல்நிலையையும், பிறகு அது நம் நாட்டு மின்சாரத்துக்கும் அலைவரிசைக்கும் பொருந்துமா என்பதையும், பிறகு கையிலுள்ள ஸ்பீக்கரையும் அறையையும், பிறகு ட்யூனரையும் வேண்டிய வசதிகளையும் ஆராய்ந்து, வாட் எண்ணைக் கடைசியில் நோக்குவாராக. 1974-ல் வகுத்த விதி அவ்வெண்ணைப் பொய்யினின்று மீட்டது; அதற்கு மிஞ்சிய பொருளை அதன்மேல் ஏற்றாதிருத்தல் நம் கடமையாகும். கவனமாகச் செப்பனிட்ட 25 வாட் கருவி ஒரு சிறிய வீட்டைப் பல்லாண்டு இசையால் நிரப்பும். கண்டென்சர் வறண்டு கிடக்கும் 270 வாட் கருவியோ அலமாரியை மட்டுமே நிரப்பும்.